நான்காம் நாள் டிஸ்சார்ஜ், எட்டாம் நாள் காய்ச்சல்: பெரிய வயிற்று அறுவைக்குப் பின் எழும் கேள்விகள்

குடல், இரைப்பை, கணையம் ஆகியவற்றில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் குடும்பத்தினர் இம்முறை அதிகமாக எழுதியிருக்கிறார்கள். எப்போது வீட்டுக்கு அழைத்துச் செல்வது, எப்போது மறுபடியும் மருத்துவமனைக்கு ஓடி வருவது என்ற இரண்டு கேள்விகளே அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. வயிற்று அறுவை சிகிச்சைத் துறையில் பணிபுரியும் மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. பெருங்குடல் புற்றுநோய்க்காக லேப்ராஸ்கோபி முறையில், அதாவது சிறு துளைகள் வழியாக, குடலின் ஒரு பகுதியை அகற்றினார்கள். நான்காம் நாளே டிஸ்சார்ஜ் என்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் இதே நோய்க்காக என் பெரியப்பாவைப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். படுக்கை காலியாக வேண்டும் என்பதற்காக அவசரப்படுத்துகிறார்களோ என்று வீட்டில் அஞ்சுகிறோம்.
- வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் அச்சம் இயல்பானது. ஆனால், நான்காம் நாள் என்ற கணக்கை மட்டும் வைத்து அவசரப்படுத்துகிறார்கள் என்று முடிவு செய்துவிட வேண்டாம். உங்கள் பெரியப்பாவின் காலத்தில் வயிற்றை நீளமாகத் திறந்து அறுவை செய்தார்கள். மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் செருகி வைத்தார்கள். காற்று பிரியும் வரை வாயில் ஒரு சொட்டு நீர்கூடத் தராமல் டிரிப்ஸ் மூலம் உப்பு நீரை லிட்டர் கணக்கில் ஏற்றினார்கள். வலிக்கு மார்ஃபின் வகை மருந்துகளைத் தந்து படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். இவை ஒவ்வொன்றும் நோயாளி தேறுவதைத் தள்ளிப்போடும் என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. மார்ஃபின் குடலின் அசைவை மந்தமாக்கும். அளவுக்கு மீறி ஏற்றிய உப்பு நீர் குடல் சுவரை வீங்கச் செய்யும். படுத்தே கிடப்பவருக்கு நுரையீரலில் சளி தேங்கும், கால் சிரைகளில் இரத்தம் உறையும், தசைகள் வலுவிழக்கும்.

இந்த வழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்வி கேட்டவர் டென்மார்க்கின் அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கேலெட். கோபன்ஹேகனை ஒட்டிய ஹ்விடோவ்ரே மருத்துவமனையில் 1990-களில் அவரும் அவருடைய குழுவினரும், முதுகுப்பகுதியில் செருகிய மெல்லிய குழாய் வழியாக வலி மருந்தைச் செலுத்தி மார்ஃபினைக் குறைத்தார்கள்; அறுவை முடிந்த அன்று மாலையே நோயாளியை எழுப்பி உட்கார வைத்து, குடிக்கவும் உண்ணவும் அனுமதித்தார்கள்; மூக்குக் குழாயைக் கைவிட்டார்கள். அறுவைக்குப் பின் சிறுகுடல் ஒரு நாளுக்குள்ளும், இரைப்பை ஓரிரு நாட்களிலும், பெருங்குடல் இரண்டு மூன்று நாட்களிலும் அசைவை மீட்டுக்கொள்ளும் என்பதால், குறுக்கே நிற்கும் காரணங்களை அகற்றிவிட்டால் நோயாளி வெகு விரைவில் தேறிவிடுவார் என்பது அவர்களுடைய வாதம். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 60 பேரில் பாதிப் பேராவது இரண்டு நாட்களுக்குள் வீடு திரும்பியிருந்தார்கள். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் நீங்கள் காணும் நான்கு ஐந்து நாள் கணக்கு அந்த மரபிலிருந்து வந்தது.

இதன் அடுத்த பகுதியை மருத்துவர்களே பல நேரம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நான் அதை முக்கியமாகக் கருதுகிறேன். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்புவதைத் திட்டமாக வைத்திருந்த காலத்தில் அந்த மருத்துவமனையில் ஐந்தில் ஒருவர் திரும்ப அட்மிட் ஆக வேண்டியிருந்தது. திட்டத்தை மூன்றாம் நாளுக்குத் தள்ளி வைத்த பிறகு அந்த விகிதம் ஏறத்தாழ 20 சதவீதத்திலிருந்து 11 சதவீதத்துக்கு இறங்கியது. இந்த விவரத்தைக் கேலெட்டின் குழுவே 2007-இல் வெளியிட்டது. விரைவாக வீட்டுக்கு அனுப்பும் முறையை உருவாக்கியவர்களே தங்கள் கணக்கைச் சரிபார்த்து ஒரு நாளைக் கூட்டிக்கொண்டார்கள் என்பதால், நாட்களைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். குமட்டல், வயிற்று உப்புசம், வலியின் ஏற்ற இறக்கம் போன்ற சிறு தொல்லைகள் தலைகாட்டி அடங்குவதற்கு அந்த ஒரு நாள் இடம் தருகிறது.

எனவே நாளை எண்ணுவதைவிட உங்கள் தந்தையின் நிலையைக் கவனியுங்கள். 2012-இல் பல நாட்டு நிபுணர்களிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டு, பெருங்குடல் அறுவைக்குப் பின் ஒருவர் வீடு திரும்பத் தயாரா என்பதை அறியும் அளவுகோல்களைத் தொகுத்தார்கள். வாந்தி இல்லாமல் உண்ணவும் குடிக்கவும் முடிகிறதா, காற்று பிரிந்து குடல் இயங்கத் தொடங்கிவிட்டதா, ஊசி இல்லாமல் மாத்திரையிலேயே வலி அடங்குகிறதா, தானே எழுந்து நடந்து கழிவறைக்குச் சென்று வருகிறாரா, காய்ச்சலோ வேறு சிக்கலின் அறிகுறியோ இல்லாமல் இருக்கிறாரா என்பவையே அவை. இந்த ஐந்துக்கும் 'ஆம்' என்ற பதில் கிடைத்தால் நான்காம் நாள் சீக்கிரம் ஆகாது. மாறாக, வயிறு கெட்டியாக உப்பியிருக்கிறது, காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி எடுத்தார், நாடித்துடிப்பு நூற்றுக்கு மேலேயே நிற்கிறது என்றால், பில் தயாராகிவிட்டாலும் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லிப் புறப்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். காலை ரவுண்ட்ஸில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் மாறிவிடுவது உண்டு. பில்லும் காப்பீட்டு அனுமதியும் வரக் காத்திருக்கும் அந்த இடைவெளியில் அவரைக் கவனித்துக்கொண்டே இருப்பவர் நீங்கள்தான்.

கேள்வி: என் அம்மாவுக்குக் குடல் அறுவை முடிந்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். எட்டாம் நாள் காய்ச்சலும் வயிற்று வலியும் வந்து திரும்ப அட்மிட் செய்தோம். குடலை இணைத்த இடத்தில் கசிவு என்று சொல்லி மறுபடியும் அறுவை செய்தார்கள். இப்போது நலமாக இருக்கிறார். இன்னும் நான்கு நாள் வைத்திருந்தால் இது நேராமல் தடுத்திருக்கலாம் அல்லவா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா நலமாக இருக்கிறார் என்பதில் மகிழ்ச்சி. உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கசிவு நேராமல் தடுத்திருக்க முடியுமா என்றால், மருத்துவமனைப் படுக்கைக்கு அந்த ஆற்றல் கிடையாது. வெட்டிய இரு முனைகளை இணைத்த இடம் ஆறுவது, அங்கே இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, இழுவிசை எவ்வளவு, நோயாளியின் உடலில் புரதச்சத்து எவ்வளவு, புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொள்கிறாரா என்பவற்றைப் பொறுத்தது. முதல் சில நாட்களில் அந்த இணைப்பின் வலு பெரும்பாலும் தையலையோ ஸ்டேப்பிளையோதான் சார்ந்திருக்கிறது; உடல் தானே உருவாக்கும் புதிய திசு பின்னர்தான் பொறுப்பேற்கிறது. அந்தக் கைமாறும் காலத்தில், அதாவது ஐந்திலிருந்து எட்டு நாட்களுக்குள், கசிவு வெளிப்படுவது மிகவும் வழக்கம். இரண்டாம் வாரத்தில் வெளிப்படுவதும் அரிதல்ல. கவனமாகச் செய்த அறுவையிலும் இது நேரும். பெருங்குடலில் நூற்றில் சிலருக்கும், மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இணைப்புப் போட்டால் பத்தில் ஒருவர் அளவுக்கும் நேருகிறது.

இரண்டாவது, சில மணி நேரமாவது முன்னதாகக் கண்டுபிடித்திருக்க முடியுமா என்ற கேள்வி. இங்கே மருத்துவமனையின் பொறுப்பு உண்டு. மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாட்களில், உடலுக்குள் இருக்கும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற எளிய இரத்தப் பரிசோதனையைச் செய்வது இன்று பரவலான வழக்கம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கட்டுரை ஒன்று, மூன்றாம் நாள் லிட்டருக்கு 172 மி.கி., நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 என்ற அளவுகளுக்குக் கீழே சி.ஆர்.பி. இருந்தால், கசிவு இல்லை என்ற முடிவு நூற்றில் 97 முறை சரியாக இருக்கும் என்று காட்டியது. அளவு கூடியிருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. ஏன் கூடியது என்று தேடாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதே பொருள். உங்கள் அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது குறைவாக இருந்திருந்தால், ஐந்தாம் நாள் அனுப்பிய முடிவில் குறை காண நான் தயங்குவேன்.

அமெரிக்காவில் 2015-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று பல வகை அறுவைகள் செய்துகொண்ட ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பின்தொடர்ந்தது. 30 நாட்களுக்குள் எதிர்பாராமல் திரும்பி வந்தவர்கள் 5.7 சதவீதம். அவர்கள் வந்ததற்கு முதல் காரணம் அறுவைக் காயத்தில் கிருமித்தொற்று. அடுத்து, குடல் இயக்கம் நின்றுபோனது அல்லது அடைப்பு. முதல் முறை மருத்துவமனையில் இருந்தபோதே தோன்றிய சிக்கலுக்காகத் திரும்ப வந்தவர்கள் இவர்களில் 2.3 சதவீதம் மட்டுமே. மற்றவர்களுக்கு எல்லாமே வீட்டுக்குப் போன பிறகு முளைத்த சிக்கல்கள். ஒவ்வொரு நோயாளியையும் பத்து நாள் வைத்திருந்தால் அவற்றில் சிலவற்றை முன்னதாகக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்காக, சிக்கலே வராத பெரும்பான்மையினரை மருத்துவமனைக் கிருமிகளுக்கு நடுவில் கிடத்தி வைக்க நேரும். திரும்ப அட்மிட் ஆவதை மருத்துவமனையின் தோல்வியாகப் பார்க்கும் மனப்பான்மை எனக்கு உடன்பாடானதல்ல. அந்தப் பெயருக்கு அஞ்சி, வர வேண்டியவரை 'இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்' என்று தொலைபேசியிலேயே தடுத்துவிடும் போக்கு, உயிருக்கு அதைவிடக் கேடானது. நீங்கள் எட்டாம் நாளே அழைத்துச் சென்றீர்கள். உங்கள் அம்மா பிழைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: என் கணவருக்கு மலக்குடல் புற்றுநோய் அறுவை செய்து, வயிற்றில் தற்காலிகமாகச் சிறுகுடல் வாய் வைத்து பை பொருத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பத்து நாட்களில் தலைசுற்றி விழுந்துவிட்டார். சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்று மீண்டும் சேர்த்து நான்கு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். தண்ணீரும் இளநீரும் நிறையக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கே தவறினோம்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: நீங்கள் தவறவில்லை, வீட்டுக்கு அனுப்பும்போது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித்தரவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது. இலியோஸ்டமி, அதாவது இப்படிச் சிறுகுடல் வாய், வைத்தவர்கள் திரும்ப அட்மிட் ஆவதற்கு முதன்மையான காரணமே உடலில் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். தடுக்கக்கூடிய காரணமும் இதுவே என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நாம் உண்பதும் குடிப்பதும் போக, எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் என்று உடலே பல லிட்டர் நீரை நாள்தோறும் குடலுக்குள் சுரக்கிறது. சிறுகுடல் பெரும்பகுதியை உறிஞ்சிய பிறகு எஞ்சியதைப் பெருங்குடல் உறிஞ்சி, அதோடு உப்பையும் மீட்டுத் தருகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றுக்கு வெளியே திறந்து வைத்துவிட்டால், அந்த மீட்பு வேலை நடப்பதில்லை. பழகிய இலியோஸ்டமியில் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வெளியேறுவது இயல்பு. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. இரண்டு லிட்டர் என்றால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். வெளியேறும் நீரில் சோடியம் மிக அதிகம் என்பதால், வெறும் தண்ணீரை எவ்வளவு குடித்தாலும் அது குடலில் தங்காமல், உடலிலிருந்து மேலும் உப்பை இழுத்துக்கொண்டு பைக்குள் வந்து விழும். தாகம் கூடும், மேலும் குடிப்பார், மேலும் வெளியேறும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. சிறுநீரகம் தளர்ந்துவிட்ட நேரத்தில் பொட்டாசியம் ஏறுவது இதயத்துக்கு ஆபத்து. நீங்கள் அன்போடு கொடுத்த இரண்டுமே அவருடைய இழப்பை ஈடுகட்டக்கூடியவை அல்ல.

அவர் குடிக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல். பெரிய பொட்டலம் ஒன்றை அதில் அச்சிட்டபடி ஒரு லிட்டர் நீரில் கரைத்து, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர், காபி, தேநீர், பழச்சாறு ஆகியவற்றுக்கு மருத்துவர் ஓர் அளவு குறித்துத் தருவார். உப்புச் சேர்த்த அரிசிக் கஞ்சியும் உப்பிட்ட மோரும் நல்லவை. சோறும் வாழைப்பழமும் கழிவைச் சற்றுக் கெட்டியாக்கும். வெளியேற்றம் கூடும்போது லோப்பரமைடு மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுப்பது பயன் தரும். அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இன்னொன்றையும் கேளுங்கள்: அவர் இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் போன்ற மாத்திரையோ, நீர் பிரியும் மாத்திரையோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ எடுத்துக்கொள்கிறாரா? உடல் வற்றும் நேரத்தில் இவை சிறுநீரகத்தின் மீதான சுமையைக் கூட்டலாம் அல்லது வேறு தீங்கு செய்யலாம். எதை நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் மருத்துவமனையினர் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்பதை 2012-இல் எழுதினார்கள். அறுவைக்கு முன்பே நோயாளிக்குக் கற்றுத்தரத் தொடங்கினார்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே உட்கொள்ளும் நீரையும் பையில் சேர்வதையும் நோயாளியே அளந்து எழுதச் செய்தார்கள். வீட்டுக்குப் போகும்போது அளவுக் குவளையையும் குறிப்பேட்டையும் கையில் கொடுத்தார்கள். செவிலியர் வீடு தேடிச் சென்று பார்த்தார்கள். அதற்கு முன் நூற்றுக்குப் பதினைந்து பேர் நீர்வற்றிப்போய்த் திரும்ப வந்தார்கள்; அதற்குப் பிறகு ஒருவர்கூட அந்தக் காரணத்துக்காக வரவில்லை. இதில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளையும் பள்ளிக்கூட நோட்டும் நாகர்கோவிலிலும் கிடைக்கும். காலை எடை, பையில் சேர்ந்த மொத்த அளவு, சிறுநீரின் அளவு ஆகிய மூன்றையும் தினமும் எழுதி வாருங்கள். ஒரு நாளின் சிறுநீர் ஒரு லிட்டரைவிட வெகுவாகக் குறைந்தாலோ, எடை இரண்டு நாளில் இரண்டு கிலோ இறங்கினாலோ, தலைசுற்றும் வரை காத்திருக்க வேண்டாம். வாரம் ஒருமுறையாவது முதல் மாதத்தில் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வயிற்று அறுவை செய்தவருக்குப் பருப்பு, முட்டை, மீன் கொடுத்தால் புண்ணில் சீழ் பிடிக்கும், தண்ணீரும் குறைவாகத்தான் தர வேண்டும் என்று என் மாமியார் பத்தியம் வைக்கிறார். மறுத்துப் பேச முடியவில்லை.
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: உங்கள் மாமியாரின் அக்கறையை மதிக்கிறேன், பத்தியத்தை ஏற்க முடியாது. சீழ் பிடிப்பது கிருமியால், உணவால் அல்ல. ஆறும் புண்ணுக்குப் புரதமே கட்டுமானப் பொருள். மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் குழைந்த சோறு, வேகவைத்த பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், தயிர் ஆகியவற்றைச் சிறு அளவில் நாளுக்கு ஐந்தாறு முறை கொடுங்கள். கீரைத் தண்டு, பழத்தோல் போன்ற நார் மிகுந்தவற்றைச் சில வாரங்களுக்குத் தள்ளி வையுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மாமியாரையும் உடன் அழைத்துச் சென்று, உணவு பற்றிய அறிவுரையை மருத்துவர் அவரிடமே நேரில் சொல்லும்படி செய்யுங்கள். வீட்டில் சமைப்பவருக்குச் சொல்லாத அறிவுரை சமையலறைக்கு வந்து சேராது.

கேள்வி: அறுவைக்குப் பின் இருபதாம் நாள் திரும்ப அட்மிட் ஆனால் காப்பீடு கிடைக்குமா?
- வாசகர், சென்னை

பதில்: பெரும்பாலும் கிடைக்கும். கடைசியாக மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் அதே நோய் திரும்பினால், அதை ஒரே நோய்க்காலமாகக் கணக்கிடும் விதி இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறையில் உண்டு. பாலிசியின் அறை வாடகை வரம்பும் நோய்க்கான உச்சத் தொகையும் அதற்கேற்பப் பொருந்தும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருந்து, பரிசோதனைச் செலவுகளை 60 நாள் வரை பல பாலிசிகள் ஏற்கின்றன. பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் இது 15 நாள். மருத்துவமனை கேட்டதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும் என்று 2024-இல் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் பாலிசித் தாளை ஒருமுறை படித்துவிடுங்கள். தொகுப்புக் கட்டணம் தீர்ந்துவிட்டது என்பதற்காக யாராவது உங்களைப் புறப்படச் சொன்னால், மருத்துவ நிலை பற்றி அறுவை செய்த மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கட்டணத்தையும் மருத்துவ நிலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள விடாதீர்கள்.

கேள்வி: என் தாய்க்கு வயது 78, கணையத்தில் பெரிய அறுவை முடிந்து பத்து நாள் ஆகிறது. அவரைக் கவனித்துக்கொள்ள 82 வயதுத் தந்தை மட்டுமே வீட்டில் இருக்கிறார். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், விடுப்பு முடிந்துவிட்டது. மருத்துவ ரீதியாகத் தயார் என்கிறார்கள். இன்னும் சில நாள் வைத்திருக்கச் சொல்வது தவறா?
- வாசகர், மதுரையிலிருந்து

பதில்: தவறே இல்லை. முதல் பதிலில் சொன்ன ஐந்து அளவுகோல்களும் நோயாளியைப் பற்றியவை. அவர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்பது ஆறாவதாகச் சேர வேண்டியது. கணைய அறுவை மற்ற அறுவைகளைவிடக் கடினமானது. அதற்குப் பின் ஆறில் ஒருவர் அளவுக்குத் திரும்ப அட்மிட் ஆகிறார்கள். வயிற்றுக்குள் நீர் தேங்குவது, இரைப்பை காலியாகாமல் உணவு நிற்பது, சர்க்கரை தாறுமாறாவது, சாப்பிட முடியாமல் உடல் வற்றுவது என்று காரணங்கள் பல. 82 வயதுடையவர் தனியாக இவற்றைக் கவனித்து முடிவெடுப்பது பெரும் சுமை.

ஆனாலும் மருத்துவமனையில் நீட்டிப்பதைவிட நல்ல வழி ஒன்றை யோசியுங்கள். மருத்துவமனைக்கு அருகிலேயே ஒரு வாரம் பத்து நாள் அறை எடுத்துத் தங்கி, பயிற்சி பெற்ற செவிலிய உதவியாளர் ஒருவரை வைத்துக்கொள்வது பல குடும்பங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. உறவினர் ஒருவர் வந்து தங்க முடிந்தால் இன்னும் நல்லது. புறப்படும் முன் மாத்திரைப் பட்டியலைச் செவிலியரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்: அறுவைக்காக நிறுத்திய பழைய மாத்திரைகளில் எவை தொடரும், எவை தொடரக் கூடாது என்பதில் நேரும் குழப்பம் முதியவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. இன்சுலின் புதிதாகத் தொடங்கியிருந்தால், போடப்போகிறவர் மருத்துவமனையிலேயே இரண்டு முறையாவது தம் கையால் போட்டுக் காட்ட வேண்டும்.

இது புற்றுநோய்க்கான அறுவை என்றால், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை வீட்டிலும் தொடர வேண்டுமா என்று கேளுங்கள். வயிற்றுப் புற்றுநோய் அறுவைக்குப் பின் எனாக்ஸபாரின் ஊசியை ஒரு வாரத்தோடு நிறுத்தியவர்களில் 12 சதவீதம் பேருக்கும், நான்கு வாரம் தொடர்ந்தவர்களில் 4.8 சதவீதம் பேருக்கும் சிரைகளில் உறைவு காணப்பட்டதாக 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவமனையில் தினமும் போட்ட ஊசி, வீட்டுக்கு வந்ததும் எவரும் நினைவூட்டாததால் நின்றுவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வீடு திரும்பிய இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அழைப்பு வருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வராது என்றால், சிங்கப்பூரிலிருந்து நீங்களே அழைக்கும் நேரத்தை முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆகும் நாள் அஷ்டமியாக இருக்கிறது. ஒரு நாள் தள்ளிப்போடக் கேட்கலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: கேட்கலாம். ஒரு நாளால் மருத்துவ ரீதியாகப் பெரிய தீங்கு இல்லை. மன நிம்மதியும் நோயாளிக்குத் தேவை. ஆனால் நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று ஒரு நாள் முன்கூட்டியே புறப்படுவதை ஏற்க மாட்டேன். வீடு திரும்பிய பிறகு திரும்ப வர வேண்டிய நிலை வந்தால், அன்று எந்தத் திதி என்று பார்க்காதீர்கள்.

கேள்வி: எந்த அறிகுறிகள் வந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்? உள்ளூர் மருத்துவரிடம் முதலில் காட்டலாமா?
- வாசகர், சிதம்பரம்

பதில்: நான் முதலில் பார்க்கச் சொல்வது நாடித்துடிப்பை. வயிற்றுக்குள் சீழோ கசிவோ இருந்தால் காய்ச்சலுக்கும் வலிக்கும் முன்பே பலருக்குத் துடிப்பு வேகமெடுக்கும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதில் தெரியும் இரண்டு எண்களில் ஒன்று நாடித்துடிப்பு. ஓய்வாக இருக்கும்போதே அது நூற்றுக்கு மேல் தொடர்ந்து நின்றால் சும்மா இருக்கக் கூடாது. வெப்பமானியில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டினாலும் அப்படியே. பாரசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பவருக்குக் காய்ச்சல் மறைந்திருக்கும் என்பதால், அடுத்த மாத்திரை கொடுப்பதற்குச் சற்று முன்பு அளந்து பாருங்கள். குறைந்துகொண்டே வந்த வலி மறுபடி கூடுவது, தோள்பட்டையில் புதிதாக வலி, வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமல் திரும்பத் திரும்ப வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் மூச்சுத்திணறல், முதியவர் சம்பந்தமில்லாமல் பேசுவது ஆகிய எதுவாக இருந்தாலும் அன்றே வர வேண்டும். தையல் போட்ட இடத்திலிருந்து இளஞ்சிவப்பு நீர் திடீரெனத் துணியை நனைக்கும் அளவுக்கு வந்தால், உள்ளே தசையின் தையல் பிரிந்திருக்கலாம். சுத்தமான ஈரத்துணியால் மூடி, படுத்த நிலையிலேயே 108 ஆம்புலன்ஸில் அழைத்து வாருங்கள்.

உள்ளூர் மருத்துவர் பற்றிய உங்கள் கேள்வி மிக முக்கியமானது. காயத்தின் ஓரம் சற்றுச் சிவந்திருப்பது, மலச்சிக்கல், சளி போன்றவற்றுக்கு அவரையே பார்க்கலாம். மேலே சொன்ன அறிகுறிகளுக்கு, ஒரு டிரிப்ஸும் ஆன்டிபயாட்டிக் ஊசியும் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்பது ஆபத்தானது. காய்ச்சல் தற்காலிகமாகத் தணியும், உள்ளே கசிவு தொடரும், நோயாளி சோர்ந்த நிலையில் வந்து சேருவார். முடிந்தவரை அறுவை செய்த மருத்துவமனைக்கே வாருங்கள். அமெரிக்காவில் பெரிய அறுவைகளுக்குப் பின் திரும்ப அட்மிட் ஆன முதியவர்களைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வில், அதே மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் இறக்கும் அபாயம், வேறிடம் சென்றவர்களைவிட 26 சதவீதம் குறைவாக இருந்தது. என்ன வெட்டினார்கள், எங்கே இணைத்தார்கள், குழாய் எங்கே இருந்தது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தொலைவு காரணமாகவோ நிலைமை மோசமாக இருப்பதாலோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கிருந்து அறுவை செய்த மருத்துவரோடு தொலைபேசியில் பேச வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, மாத்திரைச் சீட்டு, பழைய ஸ்கேன் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். புறப்படும்போதே வார்டு எண்ணை அழைத்து வந்துகொண்டிருப்பதைச் சொல்லிவிடுங்கள். வழியில் உணவு எதுவும் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அன்றிரவே சி.டி. ஸ்கேனும் மயக்க மருந்தும் தேவைப்படலாம்.